பக்கத்து சீட்

காரில் பாட்டுக் கேட்கிறவர்கள் மூன்று ரகம் என்று காதுக்காரன் சொல்வான். தெருவே அதிர வேண்டும் என்று வருகிறவன் ஒரு ரகம். எது மலிவோ அதை மாட்டிவிடு என்கிறவன் இன்னொரு ரகம். குரல் தெளிவாக வந்தால் போதும், மற்றதெல்லாம் அப்புறம் என்கிறவன் மூன்றாவது ரகம். பத்து வருஷத்தில் இந்த மூன்றாவது ரகத்தில் பத்துப் பேர் வந்திருந்தால் அதிகம். அப்படி வந்த ஒருவனுக்குத்தான் அவன் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தான்.

காதுக்காரன் என்பது தெரு வைத்த பெயர். மெக்கானிக்குகளும் டயர்க்காரர்களும் பெயின்ட் அடிக்கிறவர்களும் நிறைந்த தெரு. அதன் கடைசியில் அவனுடைய தகரக் கொட்டகை, அதற்குப் பின்னால் அவனும் அம்மாவும் இருக்கிற இரண்டு அறை வீடு. மற்றக் கடைக்காரர்கள் மீட்டரை வைத்துப் பார்ப்பதை இவன் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். ஒரு சென்டிமீட்டர் தள்ளி மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுவான்.

ஸ்பீக்கரைச் சோதிக்க அவனிடம் ஒரு பதிவு இருந்தது. தங்கச்சி காலேஜில் சேர்ந்த வருஷம் அவளை உட்கார வைத்து ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லிப் பிடித்தது. பாட்டில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தங்கச்சியின் குரல் அவனுக்குத் தெரியும். அவள் ‘ஏழு’ என்னும்போது லேசாக மூக்கில் ஒலிக்கும். அந்த மூக்கொலி எந்த ஸ்பீக்கரில் வருகிறதோ அதுதான் நல்ல ஸ்பீக்கர்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருவன் வந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு, குரல் வந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். இம்மி பிசகவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, “இது யாரோட குரல்?” என்றான். அதுவரை ஒரு வாடிக்கையாளரும் அதைக் கேட்டதில்லை.

இப்படிக் காது கொடுத்துக் கேட்கிறவன் கெட்டவனாக இருக்க முடியாது என்று காதுக்காரன் நினைத்தான். வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை.

இன்று அந்த மாப்பிள்ளை புதுக் கார் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். வேலை மாற்றல். நாளைக் காலையில் இரண்டு பேரும் புறப்படுகிறார்கள். ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டிய தூரம், அங்கே தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இனி தங்கச்சியை வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் உண்டு. அதற்குள் ஸ்பீக்கர் மாட்டியாக வேண்டும்.

காலை எட்டு மணிக்கே தகரம் சுடத் தொடங்கியிருந்தது. காற்று இல்லை. பெயின்ட் கடைப் புகை தெருவில் அப்படியே நின்றது.

“எனக்கு மட்டும் சரியா வந்தாப் போதும் மச்சான்,” என்றான் மாப்பிள்ளை. “ஓட்டுறவன் நான்தானே. அவ கேட்டு என்ன பண்ணப் போறா.”

“ஒன்பது மணி நேரம் அவளும் உக்காந்து வரணும் மாப்ள.”

“தூங்குவா.”

தங்கச்சி காரின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன பாப்பா, தூங்குவியா?”

“ஆங்?” என்று தலையைத் திருப்பினாள். “என்னண்ணா?”

“பாத்தீங்களா,” என்று சிரித்தான் மாப்பிள்ளை. “எதையும் ரெண்டு வாட்டி சொன்னாத்தான் ஏறும். உங்க பதிவுல மட்டும்தான் இவ சுறுசுறுப்பு.”

காதுக்காரனும் சிரித்தான். அதை நினைத்து அவன் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டான்.

காரில் எல்லாரும் நடுவில் உட்காருவதில்லை. அதுதான் இந்த வேலையின் தொல்லை. ஓட்டுகிறவனுக்கு வலது கதவு முழங்காலை ஒட்டி இருக்கும், இடது கதவு எட்டத்தில் இருக்கும். பக்கத்து ஸ்பீக்கரின் சத்தம் முதலில் வந்து சேரும். முதலில் வந்ததைத்தான் காது நம்பும். அதனால் பக்கத்து ஸ்பீக்கரைக் கண்ணிமைக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாகத் தாமதப்படுத்தினால், பாடுகிற ஆள் நேராக வண்டியின் நடுவில் வந்து நிற்பான். ஆனால் ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு எல்லாச் சத்தமும் தன் கதவிலிருந்தே வந்து கொட்டும். பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவனுடையது.

காதுக்காரன் தங்கச்சிக்காக வேறு வழி எடுத்தான். கதவில் மாட்டுவதை விட்டுவிட்டு, பெரிய ஸ்பீக்கர்களை முன்னால், கால் வைக்கிற இடத்தின் இரு ஓரங்களிலும் இறக்குவது. அவ்வளவு முன்னால் போனால் இரண்டு சீட்டுக்கும் இரண்டு ஸ்பீக்கரும் ஏறத்தாழ ஒரே தூரம். சின்ன ஸ்பீக்கர்களை முன்கண்ணாடியின் கீழ் மூலைகளில் வைத்து, வலதை இடது சீட்டுக்கும் இடதை வலது சீட்டுக்கும் திருப்பிவிடுவது. இரட்டிப்பு வேலை. கதவுகளின் உள்பலகையைக் கழற்றி அங்கிருந்த ஒயரை முன்னால் இழுத்து இணைக்க வேண்டும், கால் வைக்கிற ஓரங்களில் மரவளையம் அறுத்துப் பொருத்த வேண்டும், அதிராமலிருக்க இரும்புத் தகட்டில் தார்ப்படலம் ஒட்டி உருளையால் தேய்க்க வேண்டும். படலம் சூட்டில் கையோடு ஒட்டியது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. நாடாவை இழுத்து ஒவ்வொரு சீட்டிலும் தலை வைக்கிற இடத்திலிருந்து தூரத்தை அளந்து, வெள்ளை ஒட்டுத்தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினான்.

மத்தியானம் அம்மா சோறும் முட்டையும் கொண்டுவந்தாள். கொட்டகைத் தரையில் அட்டை விரித்து உட்கார்ந்தார்கள். தங்கச்சி வந்து, மூலையில் வலது தோளைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். விசிறி இருந்தது இந்தப் பக்கம்.

“இப்படிக் காத்துக்கு வா பாப்பா.”

“பரவால்லண்ணா. இங்கயே இருக்கேன்.”

“அவ இஷ்டத்துக்கு விடு,” என்றாள் அம்மா. கொஞ்சம் வேகமாகச் சொன்னாள். “மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு முட்டை வை.”

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. மாப்பிள்ளை ஓட்டுநர் சீட்டில் ஏறிக் கண்ணை மூடினான். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பழைய குரல் எண்ணியது. அவன் விரல் நீண்டு கண்ணாடியின் நடுவுக்கு ஒரு பிடி வலப்பக்கம் நின்றது.

“நடுவுலேர்ந்து கொஞ்சம் என் பக்கம் வந்துருக்கு.”

“ரெண்டு பேருக்கும் பங்கு போட்டா அப்படித்தான் வரும் மாப்ள.”

“ம். சரி, இருக்கட்டும்.” அவன் முகத்தில் பிடிக்காதது தெரிந்தது. “டயர்க் கடையில கொஞ்சம் பேசிட்டு வர்றேன்.”

அவன் போனான்.

“நீ ஏறு பாப்பா,” என்றான் காதுக்காரன். “கண்ணை மூடிக்கோ. உன் குரல் எங்க நிக்குதுன்னு காட்டு.”

அவள் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினாள். குரல் எண்ணத் தொடங்கியது. அவள் தன் இடப்பக்கக் கதவைக் காட்டினாள்.

மாப்பிள்ளை நைசாகத் தனக்கு மட்டும் என்று மாற்றிவிட்டானோ என்று காதுக்காரன் பாட்டுப்பெட்டியைப் பார்த்தான். மாற்றவில்லை. இடது ஸ்பீக்கரை அறவே அணைத்துவிட்டு வலதில் மட்டும் குரலை விட்டான்.

“இப்ப?”

அவள் அதே கதவைக் காட்டினாள்.

இடமும் வலமும் மாறிவிட்டது என்று நினைத்தான். இந்தத் தொழிலில் புதுசாக வந்தவன் செய்கிற தப்பு. தன்மேலேயே எரிச்சல் வந்தது. இரண்டு கதவின் உள்பலகையையும் மறுபடி கழற்றினான். ஒரு கதவுக்குப் பதினொரு கிளிப். ஒயரைப் பிரித்துச் சின்ன பேட்டரியைத் தொட்டுத் தொட்டு எடுத்தான். வலது ஒயரைத் தொட்டால் வலது ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளியது. இடதைத் தொட்டால் இடது. ஒன்றும் மாறவில்லை. அவளை இறங்கச் சொல்லிவிட்டு, தானே அந்த சீட்டில் உட்கார்ந்து கேட்டான். குரல் கண்ணாடியின் நடுவுக்கு ஒரு பிடி இடப்பக்கம், கையால் தொடலாம் போல நின்றது. ‘ஏழு’ மூக்கில் ஒலித்தது.

“மறுபடி உக்காரு.”

“எதுக்குண்ணா, நல்லாத்தான் இருக்கு.”

“உக்காரு.”

மறுபடியும் கதவு.

பாட்டுப்பெட்டியை அணைத்தான். வெளியே யாரோ சுத்தியலால் தட்டுவது மட்டும் கேட்டது. அவன் ஓட்டுநர் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தான். அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கையை நீட்டி, அவள் வலது காதருகே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தான். அவள் அசையவில்லை. நகத்தால் சொடுக்கினான். அசையவில்லை. எழுந்து சுற்றி வந்து இடது காதருகே மெல்லத் தேய்த்தான்.

“என்ன சரசரன்னு?” என்று கண்ணைத் திறந்தாள்.

ஸ்பீக்கரில் தப்பில்லை.

“எப்பலேர்ந்து?” என்றான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். “விடுண்ணா.”

“எப்பலேர்ந்து பாப்பா?”

“ரெண்டு வருஷம்.”

“சளியா? சீழ் வச்சுதா?”

காதுக்காரன் அவளைப் பார்த்தான், காலியாக இருந்த ஓட்டுநர் சீட்டைப் பார்த்தான். யார் எங்கே உட்காருகிறார்கள், எந்தக் காது எந்தப் பக்கம் என்று பார்ப்பதுதான் அவனுக்குத் தினசரி வேலை. அவளுடைய வலது காது ஓட்டுகிறவன் பக்கத்துக் காது.

“கார்ல வச்சா?”

“பழைய கார்ல. நீ மாட்டிக் குடுத்தியே, அதுல பாட்டுக் கேட்டுட்டு வந்தாரு. பாட்டுக்கு நடுவுல நான் பேசினேன்.”

“என்ன பேசின?”

“பால் வாங்கணும்னேன்.”

காதுக்காரன் பேட்டரியைக் கீழே வைத்தான்.

“அவரு நெஜமாவே நல்லாக் கேப்பாருண்ணா,” என்றாள் அவள். “அதுல நீ சொன்னது சரிதான். நடுவுல ஒரு சத்தம் கூடாது. அன்னைக்கு அடிச்சது ஒண்ணும் முதல் வாட்டி இல்ல. அந்த வாட்டி உள்ள ஏதோ கிழிஞ்சிருச்சு. மூணு நாள் ரத்தம் வந்துச்சு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

“எதைச் சொல்லணும்? இந்த ரெண்டு வருஷத்துல நாலு வாட்டி வந்தேன். சுவரை ஒட்டியே உக்காருறேன். கூப்பிட்டாத் திரும்புறதில்ல. நீ பாத்துட்டுத்தானே இருந்த? அந்த ஆள் என்னை மந்தம்ங்கிறாரு, நீ கூடச் சேந்து சிரிக்கிற. ஊருக்கெல்லாம் காதுக்காரன். இன்னைக்கும் என்னைப் பாத்து நீ கண்டுபிடிக்கல. உன் ஒயர் தப்பாப் போச்சோன்னு தேடித் தேடித்தான் கண்டுபிடிச்ச.”

அவன் குனிந்து, தரையில் கிடந்த கிளிப்புகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டான்.

மாப்பிள்ளை திரும்பி வந்தபோது இரண்டு கதவும் தோலுரித்த மாதிரி நின்றன.

“என்ன மச்சான், மறுபடி பிரிச்சுட்டீங்க? நல்லாத்தானே இருந்துச்சு.”

“உனக்கு நல்லாத்தான் இருக்கும்.”

ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ‘உனக்கு’. மாப்பிள்ளை அதைக் கவனித்தான்.

“பேச்சு ஒரு மாதிரி போகுது?”

“பாப்பா காது எப்படிப் போச்சு?”

மாப்பிள்ளை தங்கச்சியைப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை. அவன் என்றைக்கும் உயர்த்தியதில்லை. “கியர் போடுறப்பக் கை பட்டுடுச்சு. இவ அந்த நேரம் பாத்துக் குனிஞ்சா. அதெல்லாம் அன்னைக்கே பேசி முடிச்சாச்சு மச்சான்.”

“யாருகிட்ட பேசி முடிச்ச?”

“அத்தைகிட்டதான்.”

அம்மா டீ டம்ளர்களோடு வாசலில் நின்றாள். காதுக்காரன் திரும்பினான்.

“உனக்குத் தெரியுமா?”

“ஏதோ கோவத்துல...” அம்மா டம்ளர்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்தாள். “சொட்டு மருந்து வாங்கி ஊத்திக்கச் சொன்னேன். உன்கிட்ட சொன்னா நீ கை வச்சுடுவ. அப்புறம் அவ வாழ்க்கை என்னாகுறது? இன்னொரு காது நல்லாத்தானே இருக்கு.”

“அதையும் குடுத்துட்டு வரட்டுமாம்மா?” என்றாள் தங்கச்சி, காருக்குள் இருந்தபடியே. “அப்புறமாப் பேசலாமா?”

காதுக்காரன் அளவு நாடாவை எடுத்தான். கை ஓங்கத்தான் போகிறான் என்று நினைத்து மாப்பிள்ளை ஓரடி பின்வாங்கினான். காதுக்காரன் குனிந்து, நாடாவின் கொக்கியைக் கியர்க் குமிழில் மாட்டினான். மறுமுனையைத் தங்கச்சியின் காது மடல் வரை இழுத்தான்.

“எழுபத்தொண்ணு,” என்றான். “கியர் இங்க இருக்கு. காது அங்க இருக்கு. நடுவுல எழுபத்தோரு சென்டிமீட்டர். பழைய கார்லயும் ஏறக்குறைய இதேதான். மேல்பக்கமா. எந்த கியர் போட்டாக் கை அங்க வரும்? ஒண்ணாவதா? ரிவர்ஸா? போட்டுக் காட்டு.”

“உங்க கடையில உங்க நாடா. எவ்வளவு வேணா வரும்.”

“அந்தக் குரலைக் கேட்டுட்டுத்தானேடா வந்த. யாரோட குரல்னு கேட்ட ஒரே ஆள் நீதானேடா.”

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தான். பிறகு சாதாரணமாகச் சொன்னான். “அந்தக் குரல் பத்து எண்ணினதோட நிறுத்திக்கும்.”

காதுக்காரன் நாடாவின் கொக்கியைக் குமிழிலிருந்து கழற்றினான்.

“சரி, போதும்,” என்றான் மாப்பிள்ளை. “நாளைக்கு வெள்ளன கிளம்பணும். இன்னும் சாமான் கட்டல. இப்படியே எடுத்துட்டுப் போறேன்.” சுற்றி வந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தான். தங்கச்சி பக்கத்து சீட்டில்தான் இருந்தாள். இறங்கவில்லை. எதிரே கண்ணாடியில் ஒட்டியிருந்த வெள்ளைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்காரன் அவள் பக்கத்துக் கதவைப் பிடித்தபடி நின்றான்.

மாப்பிள்ளை சாவியைத் திருப்பிவிட்டு, கியர் போட இடது கையை எடுத்தான்.

கை குமிழைத் தொடும் முன்பே தங்கச்சியின் வலது தோள் தானாக மேலே ஏறிக் காதை மூடிக்கொண்டது. கழுத்து கதவுப் பக்கம் ஒடுங்கியது. அவள் அதை வேண்டுமென்று செய்யவில்லை. செய்தது அவளுக்குத் தெரியக்கூட இல்லை. எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்துத்தான் தோளைக் கீழே இறக்கினாள்.

அம்மா டம்ளர்களைத் தரையில் வைத்தாள். டீ தளும்பி அவள் காலில் கொட்டியது.

தங்கச்சி பின்சீட்டுக்குக் கையை நீட்டித் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

“ஏறு,” என்றான் மாப்பிள்ளை.

அவள் ஏறவில்லை.

“இப்ப நின்னா அப்புறம் வர வேண்டாம்.”

“உள்பலகை ரெண்டும் பின்னாடி சீட்ல வைக்கிறேன்,” என்றான் காதுக்காரன். வைத்தான். கிளிப் டப்பாவை மாப்பிள்ளை மடியில் கவிழ்த்தான். “இருபத்திரெண்டு இருக்கு. எண்ணிக்க. நீயே மாட்டிக்க.”

கார் பின்னால் நகர்ந்து தெருவில் திரும்பியது. உள்பலகை இல்லாத கதவுகள் தகர டப்பா மாதிரி கடகடத்தன. தொங்கிய ஒயர்கள் தகட்டில் அடித்துக்கொண்டன. பள்ளத்தில் இறங்கும்போது வண்டியில் உள்ளதெல்லாம் கத்தியது. தெரு முனை வரை அந்தச் சத்தம் கேட்டது. ஓட்டுகிறவனுக்கு இன்னும் நன்றாகக் கேட்டிருக்கும்.

“என்ன இப்படிப் பண்ணிட்ட,” என்றாள் அம்மா. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

தங்கச்சி கொட்டகைக்குள் வந்தாள். “அந்த அளவை எழுதிக் குடு,” என்றாள்.

“எதை?”

“எழுபத்தொண்ணை. நீ எல்லாத்தையும் எழுதி ஒட்டுவியே. வாயால சொன்னா நாளைக்கு அம்மா அப்படி ஒண்ணும் நடக்கலைம்பா. நானே இல்லைன்னாலும் சொல்லுவேன். எனக்கு என்னைத் தெரியும்.”

அவன் வெள்ளை ஒட்டுத்தாளைக் கிழித்து எழுதினான். கியர் முதல் காது வரை, எழுபத்தொன்று. வண்டி எண், தேதி. கீழே கையெழுத்து. அவள் வாங்கிப் படித்துவிட்டுத் தன் போனின் முதுகில் ஒட்டி, நகத்தால் ஓரங்களைத் தேய்த்தாள். அவன் தார்ப்படலத்தைத் தேய்த்த மாதிரியே நிதானமாகத் தேய்த்தாள்.

“காது டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?”

“ஆறு.”

“காட்டிட்டு, டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும். கையைக் கழுவிட்டு வா.”

“பாப்பா,” என்றாள் அம்மா.

“நீ வர வேண்டாம்மா.”

தெருவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. லாரிகள் ஓரத்தை உரசிக்கொண்டு போயின. காதுக்காரன் அவளுடைய இடப்பக்கம் போய்ச் சேர்ந்து நடந்தான். நல்ல காது அந்தப் பக்கம். சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு தடவை அடுக்கிப் பார்த்துவிட்டு, “பாப்பா, நான்...” என்று தொடங்கினான்.

“நீ பேசறது இப்ப எனக்குக் கேக்க வேண்டாம்,” என்றாள் அவள். நடையை நிறுத்தவில்லை. “அந்தப் பக்கம் வா. வண்டி வர்றது எனக்குத் தெரியாது.”

அவன் சுற்றிக்கொண்டு அவளுடைய வலப்பக்கம் வந்தான். மருத்துவமனை வாசல் வரை அந்தப் பக்கத்திலேயே நடந்தான்.